தண்டுவட நீரில் வி.டி.ஆர்.எல். நெகட்டிவ் என்றால் நரம்புச் சிபிலிஸ் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தந்தைக்கு 61 வயது. ஓராண்டாக மறதி கூடிக்கொண்டே போகிறது, குணம் மாறிவிட்டது, பேச்சு குழறுகிறது. சிபிலிஸைத் தேடும் ரத்தப் பரிசோதனைகளில் வி.டி.ஆர்.எல். 1:4, டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ். முதுகில் நீர் எடுத்துப் பார்த்ததில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 22 வெள்ளை அணுக்கள், டெசிலிட்டருக்குப் புரதம் 74 மில்லிகிராம், வி.டி.ஆர்.எல். நெகட்டிவ். ஒரு மருத்துவர் இதை நரம்புச் சிபிலிஸ், அதாவது பால்வினை நோயான சிபிலிஸ் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நிலை, என்று கொண்டு 14 நாள் மருத்துவமனையில் தங்கி ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். இன்னொருவர், நீரில் வி.டி.ஆர்.எல். நெகட்டிவ் என்பதால் மூளையில் நோய் இல்லை என்றும், வாரம் ஒரு ஊசியாக மூன்று வாரம் இடுப்பில் போட்டால் போதும் என்றும் சொல்கிறார். யார் சொல்வது சரி, அவர் பழையபடி ஆவாரா என்று கேட்கிறீர்கள்.

முதல் மருத்துவர் சொல்வதன் பக்கமே நான் நிற்கிறேன். நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், வேறொரு காரணம் தெளிவாகக் கிடைக்காதவரை, இதை நரம்புச் சிபிலிஸ் என்றே கருதி முழு அளவு சிகிச்சை தருவதுதான் முறை. நோயாளியை நேரில் பார்த்துச் சோதிக்காமல் முடிவான தீர்ப்பு எதையும் நான் சொல்ல இயலாது. ஆனால் அந்த முடிவுக்கு மருத்துவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதை நீங்கள் புரிந்துகொண்டால், அடுத்த முறை அவர்கள் முன் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும்.

சிபிலிஸை உண்டாக்கும் டிரெபோனிமா பாலிடம் என்ற திருகு வடிவக் கிருமி, உடலுக்குள் நுழைந்த சில வாரங்களிலேயே பலருக்கு மூளை, தண்டுவடம் ஆகியவற்றைச் சூழ்ந்துள்ள நீரை எட்டிவிடுகிறது. பெரும்பாலானோரின் உடல் அதைத் தானாகவே அங்கிருந்து அகற்றிவிடுகிறது. அகற்ற முடியாமல் போகும் சிலரிடத்தில் அது தங்கி, எந்த அறிகுறியும் காட்டாமல் அழற்சியை மட்டும் நடத்திக்கொண்டிருக்கும். ஆகவே நரம்புச் சிபிலிஸ் என்றாலே முற்றிய கட்டத்தில் வருவது என்று எண்ணிக்கொள்வது தவறு. தொற்றிய முதல் ஆண்டிலேயே மூளை உறை அழற்சியாக, தலைவலி, வாந்தி, முகவாதம், பார்வை மங்கல், காது கேளாமை என்று வரலாம். பெரும்பாலும் ஐந்து முதல் பன்னிரண்டு ஆண்டுகளில், மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களின் சுவர் வீங்கி அடைபட்டுப் பக்கவாதமாக வரலாம். இளம் வயதில், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லாத ஒருவருக்குப் பக்கவாதம் வரும்போது சிபிலிஸ் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது என்று மாணவர்களுக்கு வலியுறுத்துவது இதனால்தான். பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து மூளைத் திசுவையே தாக்கி, மறதியும் புத்திக் குழப்பமுமாக வருவது இன்னொரு வடிவம். அதைப் பொதுப் பாரிசம் என்பார்கள். இன்னும் தாமதமாகத் தண்டுவடத்தின் பின்பகுதி நார்களையும் அவற்றின் வேர்களையும் தேய்ப்பது டேபிஸ் டார்சாலிஸ்.

உங்கள் தந்தைக்குச் சொல்லும் அறிகுறிகள் பொதுப் பாரிசத்தோடு பொருந்துகின்றன. வீட்டார் முதலில் கவனிப்பது பெரும்பாலும் மறதியை அல்ல, நடத்தையை. சிக்கனமாக இருந்தவர் கணக்கில்லாமல் செலவழிப்பார். ஒழுங்காக உடுத்தியவர் அழுக்குச் சட்டையோடு வெளியே கிளம்புவார். காரணமில்லாமல் எரிந்து விழுவார், அல்லது தன்னிடம் பெரும் செல்வமும் அதிகாரமும் இருப்பதாகப் பேசத் தொடங்குவார். சிலரிடம் இதற்கு நேர்மாறாக, எதிலும் ஈடுபாடில்லாத சோர்வு மட்டுமே தெரியும். நாக்கை நீட்டச் சொன்னால் அது நடுங்கும், உதட்டோரத்தில் சிறு துடிப்பு இருக்கும், நீண்ட சொற்களைச் சொல்லும்போது எழுத்துகள் உருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கையெழுத்து கோணலாகிவிடும், பழைய காசோலையையோ கடிதத்தையோ எடுத்து இப்போதைய கையெழுத்தோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும், மருத்துவரிடம் அதைக் காட்டுவது பயனுள்ளது.

கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலான அறையில் நோயாளியைத் தொலைவில் ஓரிடத்தைப் பார்க்கச் சொல்லி, டார்ச் ஒளியைப் பக்கவாட்டிலிருந்து கண்மணியின் மேல் செலுத்துவார்கள்; இயல்பான கண்மணி உடனே சுருங்கும். இந்த நோயில் சிலருக்குக் கண்மணிகள் சிறியனவாக, ஒழுங்கற்ற வடிவில், ஒளிக்கு அசையாமல் நிற்கும். ஆனால் விரலை மூக்கருகே கொண்டுவந்து அதைப் பார்க்கச் சொன்னால் சுருங்கும். ஆர்கில் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1869இல் விவரித்த அடையாளம் இது. இருந்தால் மிகவும் உதவும். இல்லாவிட்டால் எதையும் விலக்காது. இன்று காணும் நோயாளிகள் பலரிடம் இது இருப்பதில்லை.

இனி ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். இதில்தான் குழப்பம் அதிகம். இரண்டு வகைச் சோதனைகள் உள்ளன. டி.பி.எச்.ஏ., டி.பி.பி.ஏ., எஃப்.டி.ஏ. முதலியவை கிருமிக்கு எதிராகவே உடல் உண்டாக்கிய எதிர்ப்பான்களைக் காண்பவை. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும், பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் அப்படியே இருக்கும். ஆகவே அவை தொற்று என்றோ ஒரு காலத்தில் இருந்தது என்பதைச் சொல்லும். இப்போது இருக்கிறதா என்று சொல்லா. யாஸ் போன்ற, இதே இனத்துக் கிருமிகளால் வரும், உடலுறவால் பரவாத நோய்களிலும் அவை பாசிட்டிவ் ஆகும். வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். ஆகிய இரண்டும் வேறு வகை: செல்கள் சிதைவதால் வெளிப்படும் கொழுப்புப் பொருளுக்கு எதிரான எதிர்ப்பான்களை அளப்பவை, எண்ணாக முடிவு தருபவை. 1:4 என்றால் ரத்த நீரை நான்கு மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் வினை தெரிந்தது, எட்டு மடங்கில் தெரியவில்லை என்று பொருள். நோயின் வேகத்தையும் சிகிச்சைக்கு அது இணங்குவதையும் இந்த எண் ஓரளவு காட்டும். லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், கருவுற்றிருத்தல், வேறு சில தொற்றுகள் ஆகியவற்றாலும் வி.டி.ஆர்.எல். பொய்யாகப் பாசிட்டிவ் ஆவதுண்டு. உங்கள் தந்தைக்கு டி.பி.எச்.ஏ.யும் பாசிட்டிவ் என்பதால் அந்த ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

முதுமையில் வரும் நோயாளிகளிடம் பலமுறை நழுவிப்போகும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தொற்றிப் பல ஆண்டுகள் ஆனவர்களில் கணிசமானோருக்கு ரத்த வி.டி.ஆர்.எல். தானாகவே இறங்கி நெகட்டிவ் ஆகிவிடும், சிகிச்சை இல்லாமலேயே. மறதி நோய்க்குக் காரணம் தேடும்போது வி.டி.ஆர்.எல். மட்டும் செய்து, நெகட்டிவ் என்று கோப்பை மூடிவிடுவது ஆபத்தானது. மாறாக, எதிர்ப்பான்கள் மிக மிக அதிகமாக இருக்கும்போதும் நீர்க்காத மாதிரியில் வினை தெரியாமல் போகலாம். நீர்த்துப் பார்க்கச் சொன்னால் அப்போது தெரியும். 1:4 என்ற குறைந்த எண்ணைப் பார்த்து "லேசான பாசிட்டிவ்தான்" என்று யாரேனும் சொன்னால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முற்றிய நரம்புச் சிபிலிஸில் இந்த அளவு எண் வருவது வியப்பில்லை.

அடுத்தது முதுகில் எடுத்த நீர். இந்த நோயைக் கண்டறிவதில் தனித்து நின்று முடிவு சொல்லும் சோதனை இதுவரை ஒன்றுமில்லை. அறிகுறி, ரத்தம், தண்டுவட நீர் ஆகிய மூன்றையும் சேர்த்துவைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நீரில் செய்யும் வி.டி.ஆர்.எல். மிகவும் நம்பகமானது, ஆனால் ஒரு திசையில் மட்டும். நீரில் ரத்தம் கலக்காத நிலையில் அது பாசிட்டிவ் என்றால் நரம்புச் சிபிலிஸ் உறுதி. நெகட்டிவ் என்றால் இல்லை என்று சொல்ல முடியாது. ஏனெனில் உண்மையாகவே நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கோ அதற்கும் மேற்பட்டவர்களுக்கோ அது நெகட்டிவ் ஆகவே வருகிறது. இரண்டாவது மருத்துவரின் கூற்றில் நான் உடன்படாத இடம் இதுதான்.

வெள்ளை அணுக்கள் பெரியவர்களுக்கு மைக்ரோலிட்டருக்கு ஐந்து வரை இருக்கலாம். உங்கள் தந்தைக்கு 22. புரதம் பொதுவாக 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், 74 இருக்கிறது. இரண்டில் அணுக்களின் எண்ணிக்கைக்கே நான் அதிக எடை தருவேன், ஏனெனில் புரதம் வயது, சர்க்கரை நோய், தண்டுவடத் தேய்மானம் போன்ற பல காரணங்களால் கூடும். அணுக்கள் கூடியிருப்பது அங்கே அழற்சி நடந்துகொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று. ரத்தத்தில் சிபிலிஸ் சான்று, பொருந்தும் அறிகுறி, நீரில் அழற்சி ஆகிய மூன்றும் இருக்கும்போது, நீரின் வி.டி.ஆர்.எல். நெகட்டிவ் என்றாலும் நரம்புச் சிபிலிஸ் என்று கருதிச் சிகிச்சை அளிப்பதே ஏற்கப்பட்ட வழி.

ஆனால் நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொதுப் பாரிசத்தில் நீரின் வி.டி.ஆர்.எல். பெரும்பாலும் பாசிட்டிவ் ஆகவே இருக்கும். நெகட்டிவ் ஆகத் தப்புவது டேபிஸில்தான் அதிகம். ஆகவே உங்கள் தந்தை விஷயத்தில் இரண்டு காரியங்களைச் சிகிச்சையோடு சேர்த்தே முடிக்க வேண்டும். மீதமுள்ள நீர் மாதிரி ஆய்வகத்தில் இருந்தால் அதில் எஃப்.டி.ஏ. அல்லது டி.பி.எச்.ஏ. செய்யச் சொல்லிக் கேளுங்கள். இவற்றின் குணம் வி.டி.ஆர்.எல்.க்கு நேர் எதிர்: நெகட்டிவ் என்றால் நரம்புச் சிபிலிஸுக்கான வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும், பாசிட்டிவ் என்றால் அது மட்டும் போதாது, ஏனெனில் ரத்தத்திலுள்ள எதிர்ப்பான்களே நீருக்குள் கசிந்திருக்கலாம். இரண்டாவதாக, அணுக்கள் கூடியிருப்பதற்கு வேறு காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்று தானே இந்த அளவு அணுக்களைக் கூட்டும், எனவேதான் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் ஐந்துக்குப் பதில் இருபதுக்கு மேல் என்ற வரம்பைச் சிலர் வைத்துக்கொள்கிறார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை இன்னும் செய்யப்படவில்லை என்றால் அது உடனே செய்யப்பட வேண்டும். சிபிலிஸ் கண்டறியப்பட்ட எவருக்கும் அது வழக்கமான நடைமுறைதான். காசநோய் மூளை உறை அழற்சியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: நீரில் சர்க்கரை எவ்வளவு என்று அறிக்கையில் பாருங்கள், மிகவும் குறைந்திருந்தால் அந்தத் திசையில் தேட வேண்டும். வைட்டமின் பி12, தைராய்டு, எம்.ஆர்.ஐ. ஆகியவை மறதி நோய்க்கு எப்படியும் செய்ய வேண்டியவை. எம்.ஆர்.ஐ.யில் மூளை சுருங்கியிருப்பது மட்டும் தெரியலாம். சிலருக்குப் பொட்டு மடலின் உட்புறத்தில் தெரியும் மாற்றம் ஹெர்பிஸ் மூளைக் காய்ச்சலைப் போலவே இருந்து மருத்துவரைத் திசைதிருப்பும்.

முதுகில் நீர் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மீண்டும் எடுக்க வேண்டியிருந்தால் உங்கள் குடும்பம் அஞ்சக் கூடாது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கி, தாடையை நெஞ்சோடு சேர்க்கச் சொல்வார்கள். முதுகு வளையும்போது எலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி விரியும். மரத்துப்போக ஊசி போட்டபின், இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேரான மட்டத்தில் மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். பெரியவர்களில் தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. அந்த மட்டத்தில் நீரில் மிதக்கும் நரம்பு இழைகளே இருப்பதால், "நீர் எடுத்தால் கால் விழுந்துவிடும்" என்ற அச்சத்துக்கு இடமில்லை. பிறகு சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் தணியும் தலைவலி சில நாள் இருக்கும். எடுத்த நீர் தாமதமின்றி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். நின்றுபோனால் அணுக்கள் சிதைந்து எண்ணிக்கை குறைத்துக் காட்டும். நீர் சிவந்திருந்தால், அதாவது ஊசி ரத்தக் குழாயில் பட்டிருந்தால், அணு எண்ணிக்கையையும் வி.டி.ஆர்.எல். முடிவையும் அப்படியே நம்பக் கூடாது.

சிபிலிஸ் உள்ள எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை தேவை என்று இதைப் படிக்கும் வேறு யாரும் எண்ணிவிட வேண்டாம். நரம்பு அறிகுறி எதுவும் இல்லாமல், ஆரம்பக் கட்டத்தில் முறையான ஊசி போட்டுக்கொண்டு வி.டி.ஆர்.எல். இறங்கிவருபவருக்கு அது தேவையில்லை. நரம்பு அறிகுறி இருப்பவருக்கும், இதயம், எலும்பு முதலியவற்றைத் தாக்கிய முற்றிய சிபிலிஸ் உள்ளவருக்கும் தேவை. சிகிச்சைக்குப் பின்னும் மறுதொற்று இன்றியே எண் ஏறுபவருக்கும் தேவை. கண்ணையோ காதையோ மட்டும் தாக்கிய சிபிலிஸில், வேறு நரம்புக் குறைபாடு ஏதும் இல்லையென்றால், நீர் எடுக்காமலேயே நரம்புச் சிபிலிஸுக்கான சிகிச்சையைத் தொடங்கிவிடலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதல் சொல்கிறது. காது மட்டும் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நீர் இயல்பாகவே இருக்கும். பார்வை போகும் நிலையில் பரிசோதனை முடிவுக்காக நாள் கடத்துவது எந்த வகையிலும் நியாயமில்லை.

இனி, மூன்று வாரம் இடுப்பில் போடும் ஊசி ஏன் போதாது என்ற கேள்வி. அந்த ஊசி பென்சாத்தீன் பென்சிலின். தசைக்குள் தேங்கி, வாரக் கணக்கில் சிறிது சிறிதாகக் கரைந்து ரத்தத்தில் கலப்பது அதன் இயல்பு. உடலின் மற்றப் பகுதிகளிலுள்ள கிருமிகளுக்கு அந்தச் சிறு அளவே போதும், ஏனெனில் டிரெபோனிமா பென்சிலினுக்கு மிகவும் பணியும் கிருமி. ஆனால் ரத்தத்திலிருந்து மூளை நீருக்குள் மருந்து செல்வதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. ரத்தத்திலேயே குறைந்த அளவில் உள்ள மருந்து அதைத் தாண்டும்போது கிருமியைக் கொல்லப் போதுமான அளவு மிஞ்சுவதில்லை. ஆகவே ரத்தத்தில் அளவை மிகவும் உயர்த்தி, அதன் ஒரு பங்காவது உள்ளே போகும்படி செய்ய வேண்டியிருக்கிறது.

அதற்கான முறை இது: நீரில் கரையும் கிரிஸ்டலின் பென்சிலின் ஜி, நாளொன்றுக்கு 180 முதல் 240 லட்சம் யூனிட். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 30 முதல் 40 லட்சம் யூனிட்டாக ரத்தக் குழாய் வழியே செலுத்தலாம்; அல்லது நாள் முழுதும் சொட்டுசொட்டாகவே ஏற்றலாம். 10 முதல் 14 நாள் தொடர வேண்டும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவரின் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு அரை மணிக்கொருமுறை பாதியாகிவிடுகிறது. கிருமியோ ஒன்று இரண்டாக ஒரு நாளுக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது, பிளவுறும் நேரத்தில்தான் பென்சிலின் அதைத் தாக்கும். நள்ளிரவு வேளையும் விடியற்கால வேளையும் தவறக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. "தூங்குகிறார், காலையில் போட்டுக்கொள்ளலாம்" என்று ஒரு வேளையை விட்டுவிடக் கூடாது என்பதைப் பக்கத்தில் இருப்பவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குழம்பிய மனநிலையில் இருப்பவருக்கு இரண்டு வாரம் ரத்தக் குழாயில் ஊசி வைத்திருப்பது எளிதன்று. ஊசியைப் பிடுங்கிவிடுவார், எழுந்து நடக்கப் பார்ப்பார். நன்கு அறிமுகமான ஒருவர் இரவில் கூட இருப்பதும், ஊசி வைத்த கையைத் துணியால் சுற்றிக் கண்ணில் படாமல் வைப்பதும், கட்டிப்போடுவதைவிட அதிகம் உதவும். ஊசி வைத்த இடம் சிவந்து தடித்தால் உடனே இடம் மாற்ற வேண்டும். பென்சிலினோடு கணிசமான பொட்டாசியமோ சோடியமோ உடலுக்குள் போகிறது; சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்காவிட்டால் பொட்டாசியம் ஏறுவதும், பென்சிலின் தேங்கி வலிப்பு வருவதும் உண்டு. தொடங்குமுன், சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்திருக்கிறார்களா, இடையில் மறுபடி பார்ப்பார்களா என்று கேளுங்கள்.

மருத்துவமனையில் தங்கவே இயலாதவருக்கு மாற்று வழி உண்டு. நாள்தோறும் புரோகெய்ன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் தசையில் போட்டு, பென்சிலின் சிறுநீரில் வெளியேறுவதைத் தடுக்கும் புரோபெனெசிட் 500 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு நான்கு வேளை கொடுக்க வேண்டும். இதுவும் 10 முதல் 14 நாள். மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்வார் என்ற உறுதி இருந்தால்தான் இது பயன்படும். மறதியுள்ளவருக்கு வேறொருவர் கையில் எடுத்துக் கொடுத்து விழுங்கவைக்க வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் நாளுக்கு 1 முதல் 2 கிராம், 10 முதல் 14 நாள் என்ற முறையும் பயன்பாட்டில் இருக்கிறது. நாளுக்கு ஒரு வேளை மட்டும் போடுவதால் வசதியானது. அண்மைக் கால அனுபவமும் அதற்குச் சாதகமாகவே இருக்கிறது. என்றாலும் பென்சிலின் கொடுக்க முடிகிறபோது அதையே முதலில் தேர்ந்தெடுப்பேன். பென்சிலின் ஒவ்வாமை என்று குறிப்பில் இருப்பவர்களில் பலருக்கு உண்மையில் அது இருப்பதில்லை; முறையாகச் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்மையாகவே இருந்தால், கண்காணிப்பில் மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி உடலைப் பழக்கிவிட்டுக் கொடுக்க முடியும். கருவுற்றிருக்கும் பெண்களுக்குப் பென்சிலினைத் தவிர வேறு வழி இல்லை என்பதால் அவர்களுக்கு இதுவே செய்யப்படுகிறது.

முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரக்கூடும். கிருமிகள் ஒரே நேரத்தில் மடிவதால் எழும் எதிர்வினை அது. யாரிஷ் ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று பெயர். ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். ஒவ்வாமை என்று தவறாக எண்ணி மருந்தை நிறுத்திவிடுவதே இதில் நேரும் பெரிய கேடு. மூளையில் நோய் இருப்பவர்களுக்கு அந்த ஒரு நாளில் குழப்பம் கூடலாம், அரிதாக வலிப்பும் வரலாம் என்பதால், பென்சிலினுக்கு ஒரு நாள் முன்பே தொடங்கி மூன்று நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் வழக்கம் ஐரோப்பிய மருத்துவர்களிடம் உண்டு. எல்லாரும் அதை ஏற்பதில்லை. முதல் 24 மணி நேரம் நெருங்கிக் கவனிப்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பென்சிலின் கிருமியை ஒழிக்கும். நோயாளியின் அன்றாடத் துன்பங்களுக்குத் தனியே மருத்துவம் வேண்டும். கொந்தளிப்புக்கும் பொய்யான நம்பிக்கைகளுக்கும் மனநல மருந்துகளை மிகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். இந்த நோயாளிகளுக்கு உடல் விறைப்பு, நடுக்கம் போன்ற பக்கவிளைவுகள் எளிதில் வரும். வலிப்பு இருந்தால் வலிப்பு மருந்து. டேபிஸில் கால்களில் மின்னலடிப்பதுபோல் வெட்டி வெட்டி வரும் வலிக்குக் கபாபென்டின், கார்பமசெபின் முதலியவை பயன்படுகின்றன.

அவர் பழையபடி ஆவாரா என்ற கேள்விக்கு உங்களுக்குச் சொல்லக்கூடிய நேரான பதில் இது. இப்போது மூளையில் இரண்டு வகைப் பாதிப்பு சேர்ந்திருக்கும்: நடந்துகொண்டிருக்கும் அழற்சி ஒன்று, ஏற்கெனவே மடிந்துபோன நரம்புச் செல்கள் மற்றொன்று. முதலாவது சிகிச்சையில் அடங்கும், இரண்டாவது திரும்பாது. எது எவ்வளவு என்பது முன்கூட்டித் தெரியாது. நீரில் அணுக்கள் கூடியிருப்பது ஒரு வகையில் நம்பிக்கை தரும் செய்தி, ஏனெனில் அடக்கக்கூடிய அழற்சி இன்னும் இருக்கிறது என்று அது சொல்கிறது. ஓராண்டு அறிகுறியோடு வருபவர்களில் பலர் அடுத்த சில மாதங்களில் தெளிவு பெறுகிறார்கள். நினைவு முழுமையாக மீளாவிட்டாலும் ஆத்திரமும் குழப்பமும் குறைந்து, தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலைக்கு வருகிறார்கள். சிலரிடம் சரிவு நிற்கிறது, மீட்சி வருவதில்லை. பென்சிலினுக்கு முன்பு இதே நோயாளிகள் மனநல விடுதிகளில் சில ஆண்டுகளுக்குள் மடிந்தார்கள். அதற்கு வேறு வழியே தெரியாத காலத்தில், 1917இல் வியன்னாவில் வாக்னர் யாவ்ரெக் என்ற மருத்துவர் அவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியாவைத் தொற்றவைத்து அந்தக் காய்ச்சலால் நோயைத் தணிக்க முயன்றார். 1927இல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. அவ்வளவு கடுமையான நோய்க்கு இன்று மலிவான, பழகிய ஒரு மருந்து கையில் இருக்கும்போது, சந்தேகத்தின் பெயரால் அதை அரைகுறையாகக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிகிச்சை தொடங்கும் அன்றே ரத்தத்தில் வி.டி.ஆர்.எல். எண்ணை மறுபடி எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லா ஒப்பீட்டுக்கும் அதுவே அடிப்படை. பிறகு 6, 12, 24 மாதங்களில் அதே ஆய்வகத்தில், அதே முறையில் பாருங்கள். ஓரிடத்தில் வி.டி.ஆர்.எல்.லும் இன்னோரிடத்தில் ஆர்.பி.ஆர்.உம் செய்து இரண்டு எண்களையும் ஒப்பிடுவதால் பயனில்லை. எண் நான்கில் ஒரு பங்காக இறங்குவதைத்தான் நல்ல பலன் என்பார்கள். ஆனால் 1:4 போன்ற குறைந்த எண்ணிலிருந்து தொடங்குபவர்களுக்கு அது அப்படியே நின்றுவிடுவது சாதாரணம். அது தோல்வி ஆகாது. ஏறினால்தான் கவலைப்பட வேண்டும். டி.பி.எச்.ஏ.யைத் திரும்பத் திரும்பச் செய்து "இன்னும் பாசிட்டிவ்" என்று வருந்த வேண்டியதில்லை. முன்பெல்லாம் ஆறு மாதத்துக்கொருமுறை முதுகில் நீர் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். இப்போது, எச்.ஐ.வி. இல்லாதவருக்கும், எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து ஒழுங்காக எடுப்பவருக்கும், அறிகுறியும் ரத்த எண்ணும் நன்றாக இருந்தால் அது தேவையில்லை என்று ஆகிவிட்டது. உங்கள் தந்தைக்கு ரத்த எண் குறைவாக இருப்பதால் அதைவைத்து முன்னேற்றத்தை அளப்பது கடினம். அதனால் ஆறு மாதத்தில் ஒருமுறை நீரைப் பார்ப்பது நியாயமானதே என்பது என் கருத்து. அப்போது முதலில் குறைந்திருக்க வேண்டியது வெள்ளை அணுக்கள். புரதம் மெதுவாகத்தான் இறங்கும். அணுக்கள் குறையவேயில்லை என்றால் சிகிச்சையைத் திரும்பத் தர வேண்டியிருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத, ஆனால் வீட்டில் எல்லார் மனத்திலும் இருக்கும் விஷயம். இந்தக் கட்டத்தில் இருப்பவரிடமிருந்து தொடுவதால், கூட உண்பதால், உடுத்துவிடுவதால், குளிப்பாட்டுவதால் நோய் பரவாது. உடலுறவு வழியாகப் பரவுவதும் தொற்றிய முதல் சில ஆண்டுகளில்தான் பெரும்பாலும் நடக்கிறது. அவருக்குத் தொற்றியது பல பத்தாண்டுகளுக்கு முன்பு இருக்கலாம். நினைவு குலைந்திருக்கும் அவரிடம் இப்போது அதைத் துருவிக் கேட்பதால் சிகிச்சைக்கு எந்த உதவியும் இல்லை. உங்கள் தாயாருக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள், வி.டி.ஆர்.எல்.லோடு டி.பி.எச்.ஏ.யும் சேர்த்து. அவருக்கு நெகட்டிவ் என்றால் பிள்ளைகளான உங்களுக்குப் பிறவியிலேயே வந்திருக்குமோ என்ற கவலை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். பாசிட்டிவ் என்றால், நரம்பு அறிகுறி ஏதும் உண்டா என்று ஒரு மருத்துவர் அவரையும் சோதித்துப் பார்க்க வேண்டும்; எதுவும் இல்லையென்றால், உங்கள் தந்தைக்குப் போதாது என்று மேலே நான் சொன்ன அதே மூன்று வார ஊசி அவருக்குப் போதுமானது. அதன் பிறகு பிள்ளைகளும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.